ஓட்டுச் சில்லும் செக்ரோல் புத்தகமும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் புத்தகத்தைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த நிரை, யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர், எத்தனை ராத்தல் என்றெல்லாம் கிராணியார் எழுதிக்கொள்வார். மாதக் கடைசியில் சம்பளம் போடுவதற்காக ஏற்பட்ட புத்தகம் அது.

அதில் ஒரு நாள் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. முனியம்மா ஒரு பேர், மாரிமுத்து அரைப் பேர், இவ்வளவுதான். ஆனால் முப்பது ஆண்டுப் புத்தகங்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒருவர் பொறுமையாகப் படித்தால் என்ன தெரியும்? எந்த மாதம் மழை அதிகம், எந்த ஆண்டு காய்ச்சல் பரவியது, எப்பொழுது விலை விழுந்து ஆட்குறைப்பு நடந்தது, எந்தக் குடும்பம் எப்போது வந்தது, எப்போது வெளியேறியது என்பதெல்லாம் தெரியும். பக்கத்தை எழுதிய கிராணியாருக்கே தெரியாத செய்திகள் அவை. ஒரு வரி பேசாது. ஆயிரம் வரிகள் சேர்ந்தால் பேசும்.

இந்த எளிய உண்மையை வைத்துக்கொண்டுதான் இன்று மண்ணுக்குள் புதைந்த வரலாற்றையும் படிக்கிறார்கள். தொல்பொருள் ஆராய்ச்சியில் பெருந்தொகையான தகவல்களைத் திரட்டி, பல துறை அறிஞர்கள் கூடியிருந்து ஆராய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். அதற்கு எடுத்துக்காட்டாக நாம் போகப் போகிற ஊர் சிங்கப்பூர்.

சிங்கப்பூருக்குப் போகிற நம்மவர்கள் தேக்காவுக்குப் போகாமல் திரும்புவதில்லை. சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, சேலைக் கடை, நகைக் கடை எல்லாம் பார்த்து, வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அதே வட்டாரத்தில், கேம்பல் லேனில், இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறக்கப்பட்டது. அதையும் சிலர் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது இன்னும் சற்றுத் தூரம் போய்ப் பாருங்கள். லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் தோபி காட். நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர்கள் ஓடைக் கரையில் துணி துவைத்த இடமாதலால் அதற்கு அந்தப் பெயர். அதன் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு குன்று இருக்கிறது. அதுதான் ஃபோர்ட் கேனிங் குன்று.

மலாய்க்காரர்கள் அந்தக் குன்றைப் பழைய காலத்தில் புக்கிட் லாராங்கான் என்று அழைத்தார்கள். விலக்கப்பட்ட குன்று என்பது பொருள். முற்காலத்து அரசர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூலும், சாங் நீல உத்தமன் என்ற அரசன் சிங்கபுரத்தை நிறுவியதாகச் சொல்கிறது. 1822இல் ஜான் கிராஃபர்டு என்னும் கம்பெனி அதிகாரி இந்த இடத்தைச் சுற்றிப் பார்த்து, பழைய மண்சுவர், செங்கல் அடித்தளங்கள், பானை ஓடுகள், சீனக் காசுகள் ஆகியவற்றைக் கண்டதாகக் குறித்து வைத்தார். ஆனாலும் நெடுங்காலம் வரையில் பள்ளிக்கூடப் பாடம் வேறு விதமாக இருந்தது. 1819இல் ராஃபிள்ஸ் வந்தார். அதற்கு முன் அது ஒரு மீன்பிடி கிராமம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதே அந்தப் பாடம்.

இந்த எண்ணம் எப்படி மாறியது? இரண்டு கண்டெடுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும்.

1928இல் அந்தக் குன்றின்மேல் நீர்த்தேக்கம் கட்டுவதற்காகத் தொழிலாளிகள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியில் தங்கம் தட்டுப்பட்டது. காலமுகம் பொறித்த தோள்வளை, காதணிகள் முதலிய நகைகள் கிடைத்தன. வேலைப்பாடு ஜாவா நாட்டுப் பாணியை ஒத்தது. இன்றும் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் அதைக் காணலாம். பார்த்தவர்கள் வியக்கும் பொருள். ஆனால் அது நீர்த்தேக்க வேலையில் வெளிப்பட்டது. முறையான அகழாய்வில் கிடைத்ததன்று. அதைச் சுற்றியிருந்த மண்ணில் வேறு என்னென்ன கிடந்தன என்ற பட்டியல் நமக்கு இல்லை. ஆகையால் தங்கம் தன் அழகைக் காட்டியது. தன் கதையை முழுவதும் சொல்லவில்லை.

1984 ஜனவரியில் ஜான் மிக்ஸிக் என்னும் அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் அதே குன்றில் முறையாகத் தோண்டினார். சிங்கப்பூரின் முதல் முறையான அகழாய்வு அது. அவருக்குக் கிடைத்தது தங்கமன்று. பெரும்பாலும் உடைந்த ஓடுகள். சீனப் பீங்கான் சில்லுகள், கரடுமுரடான மண்பானைத் துண்டுகள், கண்ணாடிப் பொருள்கள். தெருவில் கிடந்தால் நாம் காலால் தள்ளிவிட்டுப் போகும் பொருள்கள். ஆனால் அவை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ராஃபிள்ஸுக்கு 500 ஆண்டுக்கு முன்பே அந்தக் குன்றில் வசதியான மக்கள் வாழ்ந்தார்கள் என்பதை அந்தச் சில்லுகள் நிலைநாட்டின. தங்கத்தால் முடியாததை மண் ஓடு செய்தது. காரணம், ஒவ்வோர் ஓடும் எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்று எழுதப்பட்டது.

அந்த எழுத்து வேலை எப்படி நடக்கிறது என்று சற்றுப் பார்ப்போம். தோண்டுவதற்கு முன்பு நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண். மண்ணை மொத்தமாக வெட்டி அள்ளுவதில்லை. சிறு கரண்டியால் அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுக்கிறார்கள். எடுத்த மண்ணைச் சல்லடையில் சலிக்கிறார்கள். ஒரே ஒரு பாசிமணி ஆனாலும் சதுர எண்ணும் ஆழமும் எழுதிய பையில் தனியே போடுகிறார்கள். பிறகு பல் துலக்கும் பிரஷால் கழுவி, உலர்த்தி, வகை பிரித்து, எண்ணி, நிறுத்து, ஒவ்வொன்றையும் பதிகிறார்கள். தோண்டுவது சில வாரம் என்றால் இந்தப் பதிவு வேலை பல ஆண்டு பிடிக்கும். இதில் பெரும் பகுதி, சம்பளம் வாங்காத தொண்டர்கள் செய்தது. செக்ரோலில் ஒரு நாளைப் பதிவது போலத்தான். இங்கே ஆளுக்குப் பதில் ஓடு.

1984க்குப் பிறகு சிங்கப்பூரில் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இவ்வாறு தோண்டியிருக்கிறார்கள். நாடாளுமன்றக் கட்டடம் எழுந்த இடத்தில் 1994, 1995ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடந்தது. எம்ப்ரஸ் பிளேஸில் 1998இல் நடந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலய வளாகத்தில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் நடந்தது. அந்தத் தேவாலயம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் 1850களிலும் 1860களின் தொடக்கத்திலும் எழும்பியது. அவர்கள் கடைக்கால் போட்ட வளாகத்தின் மண்ணுக்கடியில் 14ஆம் நூற்றாண்டின் ஓடுகள் கிடந்தன. எம்ப்ரஸ் பிளேஸில் மறுபடியும் 2015இல் தோண்டியபோது ஏறத்தாழ 3 டன் பொருள்கள் வெளிவந்தன.

3 டன் என்றால் ஒரு லாரிப் பாரம். இவ்வளவு ஓடுகளையும் ஒருவர் மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட முடியுமா? முடியாது. இங்கேதான் கணிப்பொறி உதவிக்கு வருகிறது. எந்தச் சதுரம், எவ்வளவு ஆழம், எந்த வகை, என்ன எடை, என்ன நிறம் என்ற விவரங்களைக் கட்டம் கட்டமான அட்டவணையில் ஏற்றிவிட்டால், "சீனப் பச்சைப் பீங்கான் எந்த இடத்தில் அதிகம்?" என்று ஒரு கேள்வி கேட்டவுடன் அது எல்லா இடங்களையும் கூட்டிக் கழித்து விடை சொல்லும்.

அப்படிக் கேட்டபோது கிடைத்த விடைகளில் ஒன்றைச் சொல்கிறேன். குன்றின்மேல் உயர்ந்த வகைப் பீங்கானும் கண்ணாடிப் பொருள்களும் மிகுதி. ஆற்றங்கரையில் காசுகளும், உலோக வேலை நடந்த அடையாளங்களும் மிகுதி. இதன் பொருள் என்ன? குன்றில் அரச குடும்பத்தாரும் பெரியவர்களும் வாழ்ந்தார்கள். ஆற்றங்கரையில் வியாபாரிகளும் கைவினைஞர்களும் தொழில் செய்தார்கள் என்று ஆகிறது. நம் தோட்டத்தில் மேட்டில் துரை பங்களா, கீழே லயம், நடுவே கிராணியார் வீடு என்று இருந்ததல்லவா? நாளை ஒருவர் அந்த மண்ணைத் தோண்டி, எங்கே பீங்கான் தட்டு, எங்கே தகரக் குவளை என்று எண்ணிப் பார்த்தால், யார் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்துகொள்வார். அதே கணக்குத்தான். மலாய் நூல் கதையாகச் சொன்னதை ஓடுகள் எண்ணிக்கையாகச் சொல்லின.

நேயர்களே, ஓடுகளை எண்ணிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஓர் ஓட்டைப் பற்றி ஒவ்வொரு துறையாரும் ஒவ்வொரு செய்தி சொல்வார்கள். பீங்கான் தெரிந்தவர், இது சீனாவில் இன்ன சூளையில் சுட்டது என்பார். வேதியியல் அறிஞர் கண்ணாடியைச் சோதித்து, ஈயம் அதிகமாக உள்ளதென்றால் சீனக் கண்ணாடியாக இருக்கலாம், அலுமினியச் சத்து மிகுந்த சோடாக் கண்ணாடி என்றால் தென்னிந்தியா, இலங்கைப் பக்கமாக இருக்கலாம் என்பார். எலும்பு தெரிந்தவர், அவர்கள் தின்ற மீன் எது, இறைச்சி எது என்பார். காசு தெரிந்தவர் அதை வெளியிட்ட அரசனைச் சொல்வார். சிங்கப்பூர் மண்ணில் சீனக் காசுகளோடு இலங்கையின் பழங்காசும் கிடைத்திருக்கிறது. சீன மொழி கற்றவர், 14ஆம் நூற்றாண்டில் இந்தக் கடல் வழியே வந்த வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி எழுதியதை எடுத்துக் காட்டுவார். இவர்கள் எல்லாரும் ஒரே அட்டவணையின் முன்னால் உட்கார்ந்தால்தான் ஊர் முழுமையாகத் தெரியும்.

கடலுக்கடியிலிருந்தும் ஒரு சாட்சி வந்தது. சிங்கப்பூருக்குக் கிழக்கே பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவு உள்ளது. அதன் பக்கத்தில் 2015இல் மூழ்கு நீச்சல்காரர்கள் வேறு வேலையாக இறங்கியபோது பழைய பீங்கான் தட்டுகளைக் கண்டார்கள். அதன்பின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் சார்பில் மைக்கேல் ஃபிளெக்கர் என்ற கடல் தொல்லியல் அறிஞர் தலைமையில் ஆராய்ந்தார்கள். மூழ்கிய கப்பல்கள் இரண்டு அகப்பட்டன. 2021 ஜூன் மாதம் இந்தச் செய்தி வெளியிடப்பட்டது. ஒன்று 1796இல் சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வழியில் மூழ்கிய ஷா முன்ச்சர் என்னும் கப்பல். மற்றொன்று 14ஆம் நூற்றாண்டுக் கப்பல். அதிலிருந்து ஏறத்தாழ 3.5 டன் பீங்கான், பெரும்பாலும் சில்லுகளாக, எடுக்கப்பட்டது.

இந்தப் பழைய கப்பலின் சரக்கும், ஃபோர்ட் கேனிங் குன்றிலும் ஆற்றங்கரையிலும் கிடைத்த ஓடுகளும் வகையில் ஒத்திருக்கின்றன. ஆகவே அந்தக் கப்பல் சிங்கப்பூருக்கே, அதாவது அன்றைய தெமாசெக் துறைமுகத்துக்கே வந்துகொண்டிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தரையில் கிடைத்தது வீட்டில் புழங்கி உடைந்த பாத்திரம். கடலில் கிடைத்தது கடைக்கு வந்துகொண்டிருந்த சரக்கு. ஒன்று செலவுக் கணக்கு, மற்றொன்று வரவுக் கணக்கு. இரண்டு அட்டவணைகளும் சேர்ந்தபோது ஒரு துறைமுகத்தின் வியாபாரம் கண்முன் வந்தது. 2019இல் ராஃபிள்ஸ் வந்த 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தபோது, சிங்கப்பூர் தன் வரலாற்றை 700 ஆண்டு வரலாறாகவே எடுத்துச் சொன்னது. அதற்குத் துணிவு கொடுத்தவை இந்தச் சில்லுகள்.

கணிப்பொறி சொல்லிவிட்டால் அது வேதவாக்கு என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கு எழுதுகிறவர் தவறினால் கணக்கும் தவறும். ஒருவர் பழுப்பு ஜாடி என்று எழுதியதை இன்னொருவர் தண்ணீர்ச் சால் என்று எழுதினால், கணிப்பொறி அவற்றை இரண்டு பொருளாக எண்ணும். ஆகவே முதலில் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்ல உடன்படவேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய சால் ஒன்று உடைந்தால் நூறு ஓடாகும். சின்னக் கிண்ணம் உடைந்தால் ஐந்து ஓடாகும். ஓடுகளை எண்ணி மட்டும் பார்த்தால் சால்தான் அதிகம் என்று ஏமாந்துபோவோம். அதனால் எண்ணிக்கையோடு எடையையும் வாயின் சுற்றளவையும் குறிக்கிறார்கள். மேலும், புதுக் கட்டடம் எழும்புகிற இடத்தில்தான் பெரும்பாலும் தோண்ட வாய்ப்புக் கிடைக்கிறது. தோண்டாத இடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது.

தகவல் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அது மனத்தை வருத்தும் கதை.

1819இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காடு வெட்டியபோது, ஆள் உயரத்துக்கும் மேலான பெரும் பாறை ஒன்று தென்பட்டது. அதில் ஏறத்தாழ 50 வரி எழுத்து செதுக்கப்பட்டிருந்தது. யாராலும் படிக்க முடியவில்லை. அது பழந்தமிழாக இருக்கலாம் என்று கருதியவர்களும் உண்டு. வேறு மொழி என்றவர்களும் உண்டு. 1843இல் அந்த இடத்தில் கட்டட வேலைக்காகப் பாறையை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். சில துண்டுகளை மட்டும் காப்பாற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்று பின்னர்த் திரும்பி வந்து, இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. 50 வரியில் நமக்கு மிஞ்சியது கையளவு எழுத்தும், தகர்ப்பதற்கு முன் சிலர் பார்த்து வரைந்த பிரதிகளுமே.

2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் அந்தத் துண்டில் 'கேசரிவ' என்ற எழுத்துகள் தெரிவதாகவும், அது சோழ மன்னர்களின் பரகேசரிவர்மன் என்ற பட்டப் பெயரின் பகுதியாக இருக்கலாம் என்றும் ஒரு கருத்தை வெளியிட்டார். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரம் வரை வந்ததை நினைத்தால், தமிழர் நெஞ்சு இதைக் கேட்டு நிமிரத்தான் செய்யும். ஆனால் நாம் நிதானமாக இருக்கவேண்டும். அது ஒரு கருத்து, முடிந்த முடிவன்று. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர்களும் கணிப்பொறி அறிந்தவர்களும் கூடி, மிஞ்சிய எழுத்துகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைக் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுத்து, சிதைந்த இடங்களில் எந்த எழுத்து இருந்திருக்கக்கூடும் என்று ஊகிக்கச் செய்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு என்று இதைச் சொல்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனாலும் கொடுப்பதற்கு எழுத்து இருந்தால்தானே அது கற்றுக்கொள்ளும்? 1843இல் வைத்த வெடி, இன்றைய கணிப்பொறியின் கையையும் கட்டிப்போட்டிருக்கிறது.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் உண்டு. சோழர் காலத்துக் கோயில் சுவர்களில் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் அழியாமல் இருக்கின்றன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, நம்முடைய எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகிய மூவரும் அந்தக் கல்வெட்டுகளில் வரும் ஆட்களின் பெயர்களை எல்லாம் கணிப்பொறியில் ஏற்றி, 1978இல் மூன்று தொகுதிகளாக மதுரையில் வெளியிட்டார்கள். அட்டையில் துளையிட்டுக் கணிப்பொறிக்குச் செய்தி கொடுத்த காலம் அது. ஒரு பெயரோடு எந்தப் பட்டம் வருகிறது, எந்த ஊரில் வருகிறது, எந்தக் காலத்தில் வருகிறது என்று வரிசைப்படுத்தியதால், நிலம் யார் கையில் இருந்தது, யார் கைக்கு மாறியது, எந்தப் பட்டக்காரர்கள் எப்போது தலையெடுத்தார்கள் என்பதை ஆராய வழி பிறந்தது. அரசர்களின் போர்களை விட்டுவிட்டுக் குடிமக்களின் நிலத்தைப் பற்றிப் பேச முடிந்தது. சோழ நாட்டின் செக்ரோல் என்றே அதைச் சொல்லலாம். சிங்கப்பூர்ப் பாறையில் தெரிவது சோழர் பட்டமா என்று யாராவது சரிபார்க்க விரும்பினால், இப்படிப்பட்ட பட்டியல்களைத்தான் முதலில் புரட்டவேண்டும்.

தமிழர் கடல் கடந்து வந்த தடயங்களும் இவ்வாறே ஒன்று ஒன்றாகச் சேர்கின்றன. தாய்லாந்தின் குலோங் தோமில் ஒரு தமிழ்ப் பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது. அதில் பழைய எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று தன் பெயரைப் பொறித்திருக்கிறார். சுமாத்ராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு வைத்தது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஓர் உரைகல், இரண்டு கல்வெட்டு. வரைபடத்தில் புள்ளி வைத்துக் காலத்தையும் எழுதி, அதன்மேல் ஓடுகளையும் மணிகளையும் காசுகளையும் சேர்த்தால், கடலில் ஒரு நடைபாதை தெரிகிறது. நம் முன்னோர் கூலிகளாகக் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே தமிழர்கள் கொல்லராகவும் வணிகராகவும் இந்தக் கரைகளில் இறங்கியிருக்கிறார்கள் என்பது நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டிய செய்தி.

இனி, இதில் நமக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நமக்குத்தான் முக்கியமான வேலை இருக்கிறது.

1819இல் பாறையைக் கண்டவர்கள் காடு வெட்டியவர்கள். 1928இல் தங்கத்தைக் கண்டவர்கள் மண் வெட்டியவர்கள். 2015இல் கப்பலைக் கண்டவர்கள் கடலில் வேலைக்கு இறங்கியவர்கள். பழைய பொருளை முதலில் தொடுவது உழைப்பாளியின் கை. பேராசிரியர் பிறகுதான் வருகிறார். கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைப் பாருங்கள். பழைய கோயில்களின் அடித்தளங்கள் அங்கே தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் நடுவே கிடக்கின்றன. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்பவர் அவற்றில் பலவற்றைத் தோண்டிப் பார்த்து, வரிசை எண் கொடுத்து எழுதி வைத்தார். 2009 முதல் சுங்கை பத்துவில், செம்பனை நின்ற மண்ணில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டிப் பழைய இரும்பு உலைகளின் எச்சங்களை வெளிக்கொண்டுவந்தார்கள். ஆனால் 2013இல், 11ஆம் எண் சண்டி எனப்பட்ட பழங்கோயில் அடித்தளம் வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டுவிட்டது. கல் போயிற்று. எழுதி வைத்த எண்ணும் குறிப்புமே மிஞ்சின. எழுதியிருக்காவிட்டால் அதுவும் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தாயார் பால் வெட்டியவர். நான் பிறந்த தோட்டம் கைமாறியபோது, ஆபீஸில் இருந்த பழைய செக்ரோல் புத்தகங்களை எல்லாம் பின்பக்கத்தில் போட்டு எரித்தார்கள். சிறுவர்களாகிய நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். என் பாட்டனார் எந்த ஆண்டு அந்தத் தோட்டத்துக்கு வந்தார், முதல் நாள் எந்த நிரையில் வேலை செய்தார் என்பது அந்த நெருப்பில் இருந்திருக்கும். அன்று எனக்கு அது தெரியவில்லை. சிங்கப்பூர்ப் பாறையைத் தகர்த்தவருக்கும் ஒருவேளை தெரிந்திருக்காது.

ஆகையால், நேயர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, மண் வெட்டும்போதோ, கான் தோண்டும்போதோ பழைய செங்கல், ஓடு, மணி, காசு ஏதாவது தென்பட்டால், அதைப் பிடுங்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கழுவவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, இன்ன மரத்துக்கு இத்தனை அடி, இன்ன ஆழம் என்று ஒரு தாளில் குறித்து, ஒரு படமும் எடுத்து, பள்ளி ஆசிரியர் மூலமாகவோ நேராகவோ அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். இடம் பெயர்ந்த ஓடு, பெயர் கிழிந்த செக்ரோல் வரியைப் போன்றது. பொருள் இருக்கும், யாருடையது என்று தெரியாது.

இரண்டாவது வேண்டுகோள் உங்கள் வீட்டைப் பற்றியது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பாட்டன் பெயர், பாட்டி பெயர், ஊர் எது, எந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள், லயத்தில் எத்தனையாவது வீடு, கோயில் எங்கே இருந்தது, கிணறு எங்கே இருந்தது, சுடுகாடு எங்கே என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால், சப்பான்காரன் காலத்துக்கு முன்பா பின்பா என்றாவது எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத வேண்டாம். பழைய அடையாளச் சீட்டு, சம்பளச் சீட்டு இருந்தால் அதில் செருகி வையுங்கள். ஒரு வீட்டுப் புத்தகம் சின்னப் பொருள்தான். நூறு வீட்டுப் புத்தகங்கள் சேர்ந்தால் ஒரு தோட்டத்தின் வரலாறு. ஆயிரம் சேர்ந்தால், நம் மக்கள் இந்த மண்ணில் எப்படி வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று நாளை ஒருவர் கணக்குப் பார்த்துச் சொல்ல முடியும்.

அப்படிச் சொல்லப்போகிறவர் உங்கள் பேரப் பிள்ளையாகவே இருக்கலாம். அவர் தேடி வரும்போது அவர் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு புத்தகமாவது இருக்கட்டும்.